கெட்ட பழக்கம் ஏதும் இல்லீங்க

எனக்கு மூச்சு நின்றபோது அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கோமதி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி பிரகாஷ். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவன். மருந்துக் கடை பில்களைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்துக் கட்டிலில் நாமகிரிப்பேட்டைக்காரர். மஞ்சள் விவசாயி. வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்.

அவருடைய சம்சாரம். சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தார்.

செல்வராசு. என்னோடு ரிக் வண்டியில் வேலை செய்தவன். கையில் பிளாஸ்க் இருந்தது.

நானும் இருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தைப் பற்றி நான் எழுதுவது மற்றவர்கள் சொன்னது.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ரிக்கில் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் படித்தால் போதும் என்று எழுதுகிறேன்.

ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற வண்டியைத்தான் ரிக் என்கிறோம். திருச்செங்கோட்டுப் பக்கம் இந்த வண்டி இல்லாத ஊர் கிடையாது. ஆயுத பூசை முடிந்ததும் வண்டி வடக்கே கிளம்பும். நாங்கள் போவது மத்தியப் பிரதேசம். அங்கே மழை பிடித்து, கரிசல் மண்ணில் சக்கரம் இறங்க முடியாமல் போகும்போதுதான் ஊர் திரும்புவோம். வருடத்தில் அந்த மழைக்காலம் மட்டும்தான் வீடு.

நான் டிரில்லர். பூமியைக் குடைகிற நடுக்கம் உள்ளங்காலில் ஏறி இடுப்பில் வந்து நிற்கும். கம்பிரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. கல்தூள் மூக்கை அடைக்கும். ஒரு காட்டில் போர் முடிந்தால் அப்படியே அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். தூக்கம் என்பது வண்டி நகர்கிற நேரம்தான்.

அந்தப் பக்கம் கசகசா விளைகிறது. கசகசாவை எடுத்த பிறகு காய்ந்த காயின் தோல் மிஞ்சும். அதற்கு டோடா என்று பெயர். பொடித்து டீயில் போட்டுக் காய்ச்சுவார்கள். எங்கள் வண்டியில் அதைப் பெரிய டீ என்று சொல்வோம். மற்றது சின்ன டீ. சமையல்காரர் காலையில் இரண்டு பாத்திரம் அடுப்பில் வைப்பார். புதிதாக வருகிற பையன் முதல் வாரம் உடம்பு வலி தாங்காமல் அழுவான். மேனேஜரே கூப்பிட்டுக் கொடுப்பார். வலி போய்விடும். தூக்கம் போய்விடும். பசியும் போய்விடும். அதற்குப் பிறகு அவன் அழுவதில்லை.

அது வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்று தெரியும். செக்போஸ்ட் வந்தால் ஒளிப்போம். ஆனால் போதை என்று நாங்கள் நினைத்ததில்லை. போதை என்றால் பிராந்தி, கஞ்சா. எங்கள் வண்டியில் பிராந்தி கூடாது. முதலாளி கண்டிப்பு. குடித்துவிட்டுத் துளையில் இறக்குகிற இரும்பு ராடை மாட்டினால் கை போய்விடும். குடித்துப் பிடிபட்டவனை அன்றைக்கே ரயில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை எந்த ரிக் என்று விசாரிப்பார்கள். எங்கள் வண்டியின் பெயரைச் சொன்னால், "அது சுத்தமான வண்டிங்க" என்பார்கள். கோமதியை எனக்குக் கொடுத்ததும் அப்படி விசாரித்துத்தான்.

மழைக்கு ஊர் வந்ததும் எங்களுக்கு ஒரு நோவு வரும். மூக்கு ஒழுகும். கண்ணில் தண்ணீர் வடியும். ஓயாமல் கொட்டாவி. வயிறு போகும். காலைப் பிசையும். ஒரு வாரம் தூக்கமிருக்காது. பெரிய டீ இல்லாததால் வருவது என்று எங்களுக்கு உள்ளுக்குள் தெரியும். வீட்டில் ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்று சொல்லுவோம். எங்கள் வண்டி ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஒரே வாரம் ஒரே நோவு. பெண்கள் கடையில் பார்த்தால் கேட்டுக்கொள்வார்கள்.

"உங்கூட்டுக்காரருக்குத் தண்ணி சேந்துருச்சா அக்கா?"

"இன்னும் இல்ல அம்மிணி. கஷாயம் வெச்சுக் குடுத்திருக்கறேன்."

பன்னிரண்டு மழை இப்படிப் போயிற்று.

போன மழைக்கு வந்தபோது சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். பிரகாஷ் பைக்கோடு வந்திருந்தான். சங்ககிரி ரோட்டில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவனுக்குச் சிராய்ப்பு. எனக்குத் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கோமதி பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஊருக்கு வந்தும் நான் வீட்டைப் பார்க்கவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கம்பி வைத்துச் சேர்க்க வேண்டும் என்றார். அதுவரை எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்கக் காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே எடைக்கல் தொங்கவிட்டார்கள். புரளக்கூட முடியாது.

ஒரு நர்ஸ் வந்து விவரம் கேட்டு எழுதினார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கெட்ட பழக்கம் ஏதாவது?" என்றார்.

"ஏதும் இல்லீங்க" என்றேன்.

"குடி? சிகரெட்?"

"பீடி கூட தொடமாட்டாருங்க" என்றாள் கோமதி. பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். டீ குடிப்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நோவு தொடங்கியது. ஊரில் என்றால் எழுந்து நடப்பேன், காட்டுப்பக்கம் போவேன். இங்கே கால் கட்டிக் கிடக்கிறது. உடம்பு முழுக்க உதறல். ஒவ்வொரு உதறலுக்கும் உடைந்த எலும்பு ஒன்றோடொன்று உரசும். வயிறு போய்க்கொண்டே இருந்தது. பிரகாஷ்தான் பெட்பேன் வைத்து எடுத்தான். ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. "எடுக்கறதுக்கு நானாச்சு, போறதுக்கு நீங்களாச்சு மாமா" என்பான்.

வலிக்கு ஊசி போட்டார்கள். தண்ணீரைப் போட்டது போலிருந்தது. வேறு ஊசி போட்டார்கள். அதுவும் நிற்கவில்லை. நாடித்துடிப்பு ஏறியது. வியர்த்துக் கொட்டியது. இறகு உரித்த கோழி மாதிரி உடம்பில் புள்ளி புள்ளியாக நின்றது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

டாக்டர்கள் பயந்தது வேறு. பெரிய எலும்பு உடைந்தால் உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளுமாம். அதற்கு நெஞ்சு ஸ்கேன். ரத்தத்தில் கிருமியா என்று ஒரு சோதனை. இதயத்துக்கு ஒன்று. தலைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிரகாஷ் கீழே போய்ப் பணம் கட்டிவிட்டு வருவான். காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குத்தான், இதற்கெல்லாம் வராது என்றார்களாம். தறிப் பட்டறையில் முன்பணம் வாங்கினான். கோமதியின் கழுத்து இரண்டாம் நாள் வெறுமையாக இருந்தது.

சோதனையில் ஒன்றும் வரவில்லை. ஒரு இளவயது டாக்டர் கோமதியைத் தனியாக அழைத்துப்போனார்.

"அம்மா, இது குடியை திடீர்னு நிறுத்தினா வர்ற மாதிரி இருக்கு. மறைக்காம சொல்லுங்க. தினமும் எவ்வளவு குடிப்பார்?"

கோமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், எம்பட பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன். அவரு வாயில பிராந்தி பட்டதில்ல. ஊருல யார வேணாலும் கேட்டுப் பாருங்க. ரிக்கு வேலைக்குப் போறவன்னா குடிகாரன்னு எழுதி ஒட்டிருக்குதா?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டாராம். அவர் பாதி வழி வந்துவிட்டார். நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம்.

என் வாயிலும் வரவில்லை. இது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரிடம் சொல்கிற விஷயம் என்று தோன்றவில்லை. தண்ணீர் சேராத நோவு, ஒரு வாரத்தில் போய்விடும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம் என்று கிடந்தேன். போலீஸ் பயமும் இருந்தது. அதைவிட, கோமதி சத்தியம் செய்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் செல்வராசு வந்தான். முப்பது தாண்டாத ஆள். எங்கள் வண்டியில் எனக்கு அடுத்தபடி துளை இறக்குகிற லீவர் பிடிக்கத் தெரிந்தவன். நான் கொட்டாவி விடுவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்.

"என்னுங்ணா, கால் உடைஞ்சா மூக்கு ஒழுகுமா? எந்த டாக்டருங்க சொன்னது?" என்று சிரித்தான். குனிந்து காதில், "தண்ணி சேரலையாட்ட இருக்குது" என்றான்.

"சும்மா இருடா" என்றேன்.

"நான் ஒருத்தன் இருக்கறப்ப நீங்க எதுக்குங்ணா கஷ்டப்படறீங்க?"

மறுநாள் காலையில் பிளாஸ்க்கோடு வந்தான். "சுக்குக் காப்பிங்க அண்ணி. எங்கம்மா போட்டுக் குடுத்துச்சு" என்று கோமதியிடம் சொன்னான். அவன் வரும்போது கொஞ்சம் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். தனக்கு வைத்திருந்ததைத்தான் எனக்குக் காய்ச்சிக் கொண்டுவந்தான்.

குடித்து ஒரு மணி நேரத்தில் உதறல் நின்றது. வயிறு கட்டியது. வியர்வை காய்ந்தது. காலில் வலி இருந்தது, ஆனால் யாரோ ஒருவருடைய காலில் இருந்தது. எலும்பு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நாடி இறங்கியிருந்தது. "மருந்து கேட்டுடுச்சு" என்றார். எந்த ஊசிக்குக் கேட்டது என்று நினைத்தாரோ அந்த ஊசியை அதே அளவில் தொடரச் சொல்லி எழுதினார். அது மார்பின். அதற்கு முன்னால் ஒன்றும் பிடிக்காததால், சாதாரண ஆளுக்குப் போடுவதைவிடக் கூட்டிப் போட்டிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்ப்பா தம்பி, அந்த சுக்குக் காப்பில எனக்கொரு வாய் ஊத்தறது. நேத்து வரைக்கும் ஊளையிட்டவரு இன்னிக்கு மாப்பிள்ளையாட்டம் படுத்திருக்கறாரு."

செல்வராசுக்கு முகம் மாறியது. "உங்களுக்கு ஆகாதுங்க அப்பாரு. காரம் சாஸ்தி."

"மஞ்சக்காட்டுக்காரனுக்கே காரமா?" என்று அவர் விடவில்லை. அவருடைய சம்சாரம் அதட்டியதால் தப்பித்தார்.

இரண்டு நாள் பிளாஸ்க் வந்தது. ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்டது. வண்டியில் ராடு இறங்குகிற சத்தம் மாதிரிதான் இருந்தது.

அன்று வெறும் வயிறு என்பதால் பெரிய டீ இல்லை. மறுநாள் மத்தியானம் செல்வராசு வந்தபோது நான் பழையபடி கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் விட்டுப்போனதைச் சேர்த்து அவன் கெட்டியாகக் காய்ச்சியிருந்தான். நான் முழுதும் குடித்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நர்ஸ் மார்பின் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். தூங்கட்டும் என்று தூக்க மருந்தும் சேர்த்து.

டாக்டர் பிறகு விளக்கியதை இங்கே எழுதிவிடுகிறேன். மார்பின் எடுப்பதே அந்தக் கசகசாக் காயிலிருந்துதான். இரண்டும் ஒன்று. மூளையில் மூச்சு விடச் சொல்லுகிற இடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சரக்கு வலியை மறக்கடிப்பதுபோல அந்த இடத்தையும் மறக்கடித்துவிடும். நெஞ்சில் கோளாறு எதுவுமில்லை. மூச்சுவிட வேண்டும் என்பதே உடம்புக்கு மறந்துபோகும்.

நான் பெரிதாகக் குறட்டை விட்டேனாம். நன்றாகத் தூங்குகிறேன் என்று கோமதி மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். செல்வராசு கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தான்.

பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். "அம்மிணி, உன்ற ஊட்டுக்காரரு கொறட்டை நின்னுபோச்சு."

"தூங்கட்டுங்க."

"தூங்கறவன் உதடு இப்புடி நீலமாப் போகாது. பாரு சாமி, பாரு."

கோமதி கத்தியதில் மாடி முழுக்க ஓடி வந்ததாம். இரண்டு நர்சுகள் வந்தார்கள். ஒருவர் என் தாடையைத் தூக்கிக் காற்றுப் பையை மூக்கில் வைத்து அழுத்தினார். மயக்க மருந்து டாக்டர் வந்தார், பெண் டாக்டர். என் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கருவிழி நடுவிலிருக்கும் பாப்பா குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்ததாம். மார்பின் அதிகமானால் அப்படித்தான் ஆகுமாம்.

"என்ன குடுத்தீங்க?"

"நீங்கதானுங்க ஊசி போட்டீங்க" என்றான் பிரகாஷ்.

"அந்த ஊசிக்கு இவ்வளவு வராது. வாய் வழியா என்ன குடுத்தீங்க?"

"சாத்துக்குடி" என்றாள் கோமதி. "சுக்குக் காப்பி."

டாக்டர் பிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு அதை வைத்திருந்தவனைப் பார்த்தார். கதவு அவனுக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. வாசலுக்குப் போனால் கூட்டத்தில் கலந்துவிடலாம். யாருக்கும் அவன் வீடு தெரியாது. கோமதிக்கு மட்டும் ஊர்ப் பெயர் தெரியும்.

"டோடாங்க" என்றான் செல்வராசு. "கசகசாத் தோலுங்க டாக்டர். நாந்தான் கொண்டுவந்தேன். அவரு பன்னெண்டு வருசமாக் குடிக்கறாருங்க. நாங்க எல்லாரும் குடிக்கறோமுங்க."

டாக்டர் திட்டவில்லை. ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்து வரச் சொன்னார். மார்பினை மூளையிலிருந்து தள்ளிவிடுகிற மாற்று ஊசி அது. எதைத் தின்றான் என்று தெரிந்தால்தான் தைரியமாகப் போட முடியும். போட்டார்கள். நான் பெரிய இழுப்பாக மூச்சை இழுத்து எழுந்தேனாம். எழுந்ததும் அவர் கையைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடச் சரக்கும் ஒரே நிமிஷத்தில் உடம்பை விட்டு இறங்கினால் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தோலை உரித்துவிட்டுக் காற்றில் போட்ட மாதிரி. வாந்தி எடுத்துக்கொண்டே சாக விடுங்கள் என்று கேட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மாற்று ஊசியின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், குடித்த டோடா வயிற்றிலேயே கிடக்கும், மறுபடி மூச்சு நிற்கலாம் என்று பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தார். அங்கே சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே கோமதி நிற்பது தெரியும். கை அசைக்கமாட்டாள். நிற்பாள்.

வார்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"தண்ணி சேரலை, தண்ணி சேரலைன்னு எத்தனை கஷாயம் வெச்சுக் குடுத்தேன்."

"ம்."

"எம் புள்ளை மேல சத்தியம் பண்ணிப்போட்டு நிக்கறேன்."

அவள் சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். நாமகிரிப்பேட்டை அம்மா கொடுத்த ரசம். ஊட்டி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மனநல டாக்டர் ஒருவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரிய டீ எத்தனை வேளை?"

"மூணுங்க."

"சேர்ந்த புதுசுல?"

"ஒண்ணுங்க."

"நடுவுல விட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஊருக்கு வந்தா உடறதுதானுங்க. வண்டி கிளம்புனா தானா வந்துருமுங்க."

"அப்ப விட்டதில்லை" என்றார். "இது உங்க மனசு கெட்டதனால வந்ததில்லை. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. இது வியாதி. வைத்தியம் இருக்கு."

நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை கொடுத்தார். அது உதறலை நிறுத்தும், மப்பு ஏற்றாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. ஒன்றை மட்டும் மூன்று தரம் சொன்னார். விட்ட பிறகு உடம்பு பழையபடி புது உடம்பாகிவிடும். பழைய அளவு தாங்காது. விட்டவன் திரும்பிப் போய் முன்பு குடித்த அளவையே குடித்தால், அந்த ஒரு டம்ளரிலேயே செத்துப்போவான். இப்படிச் சாகிறவர்கள்தான் அதிகம் என்றார்.

"உங்க சிநேகிதரையும் கூட்டிட்டு வாங்க. போலீசுக்குச் சொல்லமாட்டேன்."

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாத்திரைக்கு அவருடைய கிளினிக் போவோம். அங்கே காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், மல்லு வேட்டி, நெற்றியில் விபூதி. தன் மகனோடு ஒரு வாத்தியார். மகன் காலேஜ் படிக்கிறான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வானாம். முழுக்கைச் சட்டையைக் கழற்றமாட்டான். ஒரு பெண், முதுகுவலிக்கு மருந்துக் கடையில் வாங்க ஆரம்பித்தது நிற்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர்தான் என்னிடம் பேசினார்.

"ரிக்குங்களா?"

"ஆமாங்க. எப்புடித் தெரிஞ்சுது?"

"நாங்க வடக்க ஒரே கடையிலதானுங்க வாங்கறோம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கோமதி எங்கள் இருவரையும் முறைத்தாள்.

செல்வராசு டாக்டரிடம் வரவில்லை. வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கண் தெளிவாக இருந்தது.

"உட்டுட்டேனுங்ணா. உங்க உதட்டைப் பாத்த அன்னிக்கே மிச்சமிருந்த பொடியச் சாக்கடைல கொட்டிட்டேன். ரூமைச் சாத்திப் படுத்தேன். எட்டு நாளு. எங்கம்மா செத்துருவான்னே நெனச்சுது."

"டாக்டர் கூப்பிட்டாருடா. வா, போயிட்டு வருவோம்."

"பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போனேன்னு தெரிஞ்சா எவனுங்ணா பொண்ணு குடுப்பான்? நீங்க கட்டியாச்சு, கவலையில்ல." கோமதியைப் பார்த்தான். "அண்ணி, இவரு இன்னும் மாத்திரைய நாக்குல வெச்சுச் சப்பிட்டுக் கெடக்கறாரு. நான் வெறுங்கையில உட்டவன். யாரு ஆம்பளை, சொல்லுங்க?"

"நீங்கதான் தம்பி" என்றாள் கோமதி. அன்றைக்குத்தான் அவள் அவனிடம் மறுபடி பேசியது. தோசை சுட்டுப் போட்டாள். ஒன்பது தின்றான். பசி திரும்பியிருந்தது.

ஆயுத பூசை நெருங்கியது. எனக்குக் கம்பு ஊன்றி நடக்கத்தான் முடியும். வண்டிக்கு டிரில்லர் வேண்டும். முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு கொடுத்தார். நல்ல மனுஷர்தான்.

"வண்டி பேரை மட்டும் எங்கயும் சொல்லீராத ரங்கா. நல்ல பேரு எடுத்த வண்டி. செல்வராசை டிரில்லராப் போடறேன்."

"அங்க போனா அதத்தானுங்க குடுப்பாங்க. அதை நிறுத்தச் சொல்லுங்க."

"நான் என்ன அங்கயா இருக்கறேன்? சொல்லிப் பாக்கறேன்."

கிளம்புவதற்கு முதல் நாள் செல்வராசு வந்தான். புதுச் சட்டை. சம்பளம் கூடுகிறது, தைக்குள் பெண் பார்க்கலாம் என்று அவன் அம்மா சொல்கிறதாம்.

"டேய், இங்க கேளு" என்றேன். "தொடாத. தொட்டா பழைய டம்ளர் இல்ல. அதே டம்ளர் இப்ப உன்னைக் கொன்னுபோடும். டாக்டர் சொன்னாரு."

"மூணு மாசமா மோந்துகூடப் பாக்கலீங்ணா."

"அதனாலதான்டா சொல்றேன்."

"அது எப்புடிங்ணா? குடிச்சிட்டே இருந்தவனுக்கு ஒண்ணும் ஆகலை, உட்டவனுக்கு ஆகுமா?"

எனக்குத் தெரிந்த அளவில் மறுபடி சொன்னேன். புது உடம்பு என்றேன். "புது உடம்பு நல்லதுதானுங்களே" என்றான். சிரித்துக்கொண்டே கோமதியிடம், "போயிட்டு வாரேனுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போன புதிதில் தினமும் போன் செய்வான். சின்ன டீ மட்டும்தான் என்பான். இடுப்பு பிடிக்கிறது என்பான். மற்றவர்கள் "சாமியாரே" என்று கூப்பிடுகிறார்கள் என்பான். பிறகு இரண்டு நாள் போன் இல்லை. தூக்கமில்லாமல் வேலை, சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் வண்டி ஹெல்பர் பேசினான். அழுதுகொண்டே பேசினான்.

இரண்டு நாளாக இறங்காமல் லீவர் பிடித்திருக்கிறான் செல்வராசு. அன்று காலை இடுப்பு நிமிரவில்லை. மேனேஜர் பெரிய டீயை நீட்டினார். வேண்டாம் என்றான். பிறகு வாங்கிக்கொண்டான். ஒரு டம்ளர், அவன் எப்போதும் குடிக்கிற அளவு. கொஞ்ச நேரம் வேலை செய்தான், பாட்டுக்கூடப் பாடினான். பிறகு, "சித்த நேரம் சாயறேன்" என்று கேபினுக்குள் போய்ப் படுத்தான். குறட்டை வெளியே கேட்டது. பாறையில் துளை நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. "எழுப்பாதீங்கடா, தூங்காத பையன்" என்றார் மேனேஜர். ஹெல்பர் லீவரைப் பிடித்தான். கம்பிரசர் சத்தத்தில் குறட்டை நின்றது யாருக்கும் கேட்கவில்லை.

தண்ணீர் வந்து, ராடு எல்லாம் கழற்றி, போரை முடித்துவிட்டுத்தான் கேபின் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

போரின் ஆழம் எழுநூற்று நாற்பது அடி.